ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பையும் எழுத வேண்டுமா?

கேள்வி: "திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. வயது 34, எடை 86 கிலோ. ஆனி மாதத்திலிருந்து டயட்டில் இருக்கிறேன். வாரத்தில் ஆறு நாள் தின்பதையெல்லாம் ஆப்பில் பதிந்து 1,700 கலோரிக்குள் நிற்கிறேன். ஞாயிறு மட்டும் சீட் டே (கட்டுப்பாடில்லாமல் தின்னும் நாள்), அன்று எதையும் பதிவதில்லை. முதல் மாதம் நாலு கிலோ இறங்கியது, அதோடு நின்றுவிட்டது. புரட்டாசியில் மட்டும் எப்படியோ ஒன்றரைக் கிலோ குறைந்தது. ஜிம் மாஸ்டர் ஞாயிறும் எழுதச் சொல்கிறார். வீட்டில் 'அந்த ஒரு நாளாச்சும் நிம்மதியாச் சோறுண்ணுங்க' என்கிறாள். யார் பேச்சைக் கேட்பது?"

பதில்:

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் எழுதுங்கள். ஆனால் கலோரி எழுதாதீர்கள், சாப்பிட உட்கார்ந்த இடத்தில் எழுதாதீர்கள். நோம்பி நொடிக்கு, அதாவது பண்டிகை விசேஷங்களுக்கு, எழுதவே வேண்டாம். ஏன் இப்படிப் பிரித்துச் சொல்கிறேன் என்பதற்குத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

ஈரோட்டில் 16 வருடமாக உணவு ஆலோசனை சொல்லி வருகிறேன். உங்கள் கேள்வியில் என் கண்ணில் முதலில் பட்டது புரட்டாசி. அது எப்படியோ குறைந்ததில்லை. அந்த மாதம் வீட்டில் கறி எடுத்திருக்க மாட்டீர்கள். ஞாயிறு மற்ற நாள் மாதிரியே தக்காளிக் குழம்பும் பொரியலுமாகப் போயிருக்கும். ஆறு நாள் பட்ட பாட்டை ஏழாவது நாள் தின்றுவிடாமல் இருந்த ஒரே மாதம் அதுதான்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். உங்கள் வயதுக்கும் எடைக்கும், உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு, எடை ஏறாமல் இறங்காமல் இருக்க நாளைக்குச் சுமார் 2,250 கலோரி தேவைப்படும் என்று வையுங்கள். நீங்கள் 1,700 சாப்பிடுகிறீர்கள். ஒரு நாள் மிச்சம் 550, ஆறு நாளைக்கு 3,300. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி மிச்சம் பிடிக்க வேண்டும். அப்படியானால் வாரத்துக்கு 400 கிராமுக்கு மேல் இறங்க வேண்டும். இறங்கவில்லை.

உங்கள் ஞாயிறு எப்படிப் போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. நம் பக்கத்து ஞாயிறு ஒன்றை நானே எழுதிப் பார்க்கிறேன். காலையில் ஆறு இட்லி, தேங்காய் அரைத்துவிட்ட கறிக்குழம்பு தாராளமாக: 700. மதியம் ஒரு பிரியாணி, கூட ஒரு வறுவல்: 1,150. நடுவில் குழந்தைகளோடு ஒரு ஐஸ்கிரீம்: 300. சாயங்காலம் ரோட்டுக்கடைக் காளான் ஒரு தட்டு, ஒரு டீ: 400. ராத்திரி மூன்று பரோட்டா, அரைத் தட்டு பள்ளிபாளையம் சிக்கன்: 1,250. மொத்தம் 3,800. கைக்கணக்குதான், முன்னே பின்னே இருக்கும். தேவைக்கு மேல் 1,550 போய்விட்டது. 3,300-இல் 1,550 போனாலும் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறதே, பிறகு ஏன் எடை நின்றது?

இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். சீட் டே ஒரு நாளோடு நிற்பதில்லை. சனிக்கிழமை ராத்திரியே "நாளைக்குத்தான் லீவாச்சே" என்று தொடங்கிவிடுகிறது. அதைவிட முக்கியம் திங்கட்கிழமைக் காலை. கறிக்குழம்பு மறுநாள்தான் ருசி. சுண்டவைத்த குழம்பும் நெய்விட்ட தோசையும் இருக்கும்போது எவர் ஓட்ஸ் கிண்டுவார்? எந்த வீட்டிலும் குழம்பைக் கீழே கொட்டுவதில்லை, கொட்டவும் கூடாது. ஆனால் ஆப்பில் அந்தத் திங்கட்கிழமைக் காலை 'தோசை 2, குழம்பு' என்று பதிவாகிறது. ஆப்புக்கு அது வெறும் குழம்பு. சனி ராத்திரி 500, திங்கள் காலை 400 என்று கூட்டுங்கள். 2,450 ஆகிவிட்டது. மிச்சம் 850.

அதோடும் விடவில்லை. ஆறு நாள் ஒழுங்காகப் பதிகிறேன் என்கிறீர்கள், நம்புகிறேன். தாளிக்கிற எண்ணெயைப் பதிகிறீர்களா? கடலை எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ நெய்யோ, ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி. சாப்பாட்டில் சேர்ந்த எண்ணெயில் ஒரு நாளைக்கு இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 கிராம், கணக்குக்கு வராமல் போனால் 90 கலோரி. ஆறு நாளைக்கு 540. இப்போது கையில் நிற்பது வாரத்துக்கு 310 கலோரி. இந்த வேகத்தில் ஒரு கிலோ குறைய 25 வாரம் ஆகும். நீங்கள் எடை 'நின்றுவிட்டது' என்று நினைத்தது இதைத்தான். புரட்டாசிக்கு இதே கணக்கைப் போடுங்கள்: ஞாயிற்றுச் செலவு இல்லை, எண்ணெய்ப் பிசகு மட்டும் கழிகிறது, வாரத்துக்கு 2,760 மிச்சம், மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. உங்கள் தராசு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

இதில் நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. மனித மனசு அப்படித்தான். 1992-இல் நியூயார்க்கில் ஒரு ஆய்வு செய்தார்கள். 1,200 கலோரிக்குக் கீழே சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களின் உண்மையான செலவை, குடிக்கக் கொடுத்த தனி வகைத் தண்ணீரைக் கொண்டு அளந்தார்கள். அவர்கள் சொன்ன அளவு, உண்மையில் சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவு. தைராய்டில் கோளாறு இல்லை, உடம்பு எரிக்கும் வேகத்திலும் கோளாறு இல்லை, நினைவில்தான் கோளாறு. எழுதும்போதே இவ்வளவு விட்டுப்போகிறது என்றால், எழுதாத நாளில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். அதனால்தான் மாஸ்டர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றேன்.

சரி, பிறகு ஏன் கலோரி எழுத வேண்டாம் என்கிறேன்?

"முழுக்க நனைஞ்ச பொறகு முக்காடு எதுக்கு" என்று நம் ஊரில் சொல்வார்கள். டயட்டைக் கெடுப்பதில் இந்த ஒரு நினைப்புக்கு ஈடாக எதுவும் இல்லை. 1975-இல் ஒரு சோதனை நடந்தது. கல்லூரி மாணவிகளுக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்தார்கள், அப்புறம் ஐஸ்கிரீமை வைத்து வேண்டிய அளவு ருசி பார்க்கச் சொன்னார்கள். டயட் பற்றிய நினைப்பே இல்லாதவர்கள், மில்க்‌ஷேக் குடித்திருந்ததால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தவர்களோ மில்க்‌ஷேக்குக்குப் பிறகு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு உடைந்துவிட்டது, இனி என்ன வந்தது என்கிற நினைப்புதான்.

உங்கள் ஆப்பில் ஞாயிறு மதியம் ஒரு மணிக்கே சிவப்பு எழுத்தில் '1,850, எல்லை தாண்டியது' என்று வந்து நின்றால் என்ன ஆகும்? அதுதான் அந்த மில்க்‌ஷேக். காளானும் பரோட்டாவும் அதன் பின்னாலேயே வரும். எண் பயமுறுத்துகிறது, பயந்தவன் கூடுதலாகத் தின்கிறான். எண் இல்லாமல் 'காலை இட்லி 6, குழம்பு 3 கரண்டி' என்று மட்டும் எழுதினால் நினைவு தப்பாது, பயமும் வராது.

ஆப்பில் வரும் எண்ணும் அவ்வளவு நம்பக்கூடியதில்லை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் 528 உணவுப் பொருள்களின் சத்துக் கணக்கை அட்டவணையாக வெளியிட்டது. அரிசி, பருப்பு, தேங்காய், கீரை எல்லாம் அதில் உண்டு, நல்ல வேலை அது. ஆனால் அது சந்தையில் வாங்கும் பொருளின் கணக்கு, சட்டியில் வெந்ததன் கணக்கில்லை. பள்ளிபாளையம் சிக்கன் என்றால் வரமிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ச் சில்லும், எண்ணெய் பிரிய வதக்கியது. ஆப்பில் 'சிக்கன் கறி' என்று எங்கேயோ உள்ள ஒன்றைத் தொடுவீர்கள். அந்த எண்ணுக்கும் உங்கள் தட்டுக்கும் சம்பந்தமே இருக்காது. அரிசிம்பருப்புச் சோற்றுக்கும் இதே கதை. ஒரு வீட்டில் ஒரு கரண்டி நெய், இன்னொரு வீட்டில் சோறு மினுங்குகிற அளவுக்கு நெய்.

எழுதுகிற விதத்துக்கு நம் ஊர்க் கல்யாணத்திலேயே வழி இருக்கிறது. மண்டபத்தில் நூற்றுக்கணக்கான பேர் பந்தியில் உட்கார்ந்திருக்க, வாசலில் ஒருவர் மேஜை போட்டு மொய் எழுதிக்கொண்டிருப்பார். ஊர், பேர், தொகை, மூன்றே விஷயம். எழுதுவதால் கல்யாணக் களை குறைந்ததே இல்லை. எழுதாமல் விட்டால்தான் பின்னால் மனத்தாங்கல் வரும். அதே சமயம் மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்துகொண்டு மொய் எழுதுவதில்லை. எழுத ஒரு இடம், சந்தோஷத்துக்கு ஒரு இடம்.

அதையே இங்கும் செய்யுங்கள். ஞாயிறு காலை எழுந்ததும், அடுப்பங்கரைக்குப் போகும் முன்னால், ஒரு சின்ன நோட்டில் இன்று உண்மையிலேயே எதற்கு ஆசைப்படுகிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள். 'அம்மா வைக்கும் கறிக்குழம்பு' என்றிருக்கும், அல்லது 'பிள்ளைகளோடு காளான்'. எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் ஆசை வருவதில்லை. கடையைத் தாண்டுகிறோம் என்பதற்காகவும் ஞாயிறாயிற்றே என்பதற்காகவும் தின்பதுதான் அதிகம். பிறகு ராத்திரி படுக்கும் முன் ஒரு ஐந்து நிமிடம்: என்ன சாப்பிட்டேன், எத்தனை (இட்லி என்றால் எண்ணிக்கை, குழம்பு என்றால் கரண்டி, பாயசம் என்றால் டம்ளர்), யாரோடு, பசித்துத் தின்றேனா. சனி ராத்திரியையும் திங்கள் காலையையும் இதே பக்கத்தில் சேருங்கள். அந்த மூன்றையும் ஒரே தாளில் பார்த்தால்தான் உங்கள் சீட் டேயின் உண்மையான நீளம் தெரியும்.

சரக்கு சாப்பிடும் பழக்கம் உண்டென்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். 180 மில்லி விஸ்கியில் மட்டும் 425 கலோரி அளவுக்கு இருக்கிறது, ஒரு பெரிய பீர் பாட்டிலில் 300-க்குப் பக்கம். அதைவிட, குடித்த பிறகு தட்டில் வந்த மிக்சரும் வறுவலும் காலையில் நினைவிருக்காது.

நான்கு ஞாயிறு எழுதினால் போதும், உங்களுக்கே ஒன்று புலப்படும். என்னிடம் வருகிறவர்களில் பலருக்கும் கடைசியில் தெரிய வருவது இதுதான்: சந்தோஷம் தந்தது இரண்டு உணவுதான், மற்றதெல்லாம் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தவை. அந்த இரண்டையும் முழுசாக வைத்துக்கொள்ளலாம். கறிக்குழம்பு இட்லியை விடச் சொல்லி நான் யாரையும் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன்.

இனி நோம்பிக்கு வருகிறேன்.

என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) பெருந்துறைப் பக்கம் மானாவாரி மேட்டாங்காட்டுக் குடும்பம். பவானிசாகர் அணை 1955-இல் கட்டி முடிந்து கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதற்கு முன்பு, அந்தக் காடுகளில் விளைந்தது கம்பும் சோளமும் ராகியும் கொள்ளும்தான். அன்றாடம் களியும் கூழும் கொள்ளுப்பருப்பும். அரிசிச் சோறு நோம்பிக்கும் ஒரம்பரை (விருந்தாளிகள்) வந்தாலும்தான் என்று சொல்வார். மாரியம்மன் நோம்பி, பொங்கல், தீபாவளி, ஆடி 18, ஒரு கெடா வெட்டு, இரண்டு மூன்று கல்யாணம். அன்று வயிறு நிறையத் தின்றார்கள், ஒப்புட்டும் கச்சாயமும் நெய்யுமாகத் தின்றார்கள். யாரும் கணக்கு எழுதவில்லை, எழுதத் தேவையும் இல்லை. அடுத்த நாள் காலை ஏரும், மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலையும் காத்திருந்தன, சட்டியில் கூழும் காத்திருந்தது.

இன்று வாராவாரம் சீட் டே வைத்தால் வருடத்துக்கு 52 நோம்பி. அதற்கு மேல் உண்மையான நோம்பிகளும் வரும். அம்மிச்சி காலத்தைப் போல மறுநாள் ஏற்றம் இறைப்பதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையை நோம்பி என்று சொல்லிக்கொள்வதில்தான் சிக்கல். அது வாரத்தில் ஒரு நாள், அதை எழுதத்தான் வேண்டும். உண்மையான நோம்பிக்கு நோட்டை எடுக்காதீர்கள். வருடத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் யாருடைய எடையையும் தீர்மானிப்பதில்லை.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். தொடக்க வருடங்களில் கோபியிலிருந்து ஒரு பெண் என்னிடம் வந்துகொண்டிருந்தார். மாமன் மகள் கல்யாணம் வந்தது. அன்றும் ஒன்று விடாமல் பதியுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். பந்தியில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் போனில் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். பந்தி விசாரிக்க வந்த பெரியம்மா, "ஏஞ்சாமி, எலையப் பாக்காம போனையே பாத்துட்டு இருக்கறே, எங்கமேல ஏதாச்சும் கோவமா?" என்று கேட்டுவிட்டாராம். அந்தப் பெண் ஒப்புட்டைத் தொடாமல் எழுந்து வந்தார். வீட்டுக்கு வந்து ராத்திரி அழுதுகொண்டே ஒரு பாக்கெட் பிஸ்கட்டைத் தின்றிருக்கிறார். அதையும் ஒழுங்காகப் பதிந்து எனக்கு அனுப்பியிருந்தார். பார்த்தபோது நான் செய்த தப்பு விளங்கியது. விருந்து என்பது மனிதர்களுக்குள் நடக்கும் விஷயம். உபசரிக்கிறவரின் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டு, போதும் என்றால் சிரித்து "போதுங்க, வயிறு நெறஞ்சுருச்சுங்க" என்று சொல்லி எழுந்து வரத் தெரிந்தால் அதுவே நல்ல கணக்கு.

தராசைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். திங்கட்கிழமைக் காலையில் எடை பார்க்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். ஞாயிறு தின்ற சோறும் பரோட்டாவும் சதையிலும் ஈரலிலும் கிளைகோஜனாக (உடம்பு சேமித்துவைக்கும் மாவுச்சத்தாக) சேரும்போது ஒவ்வொரு கிராமுக்கும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்கும். உப்பும் தண்ணீரை இழுக்கும். குடலில் இருக்கும் உணவின் எடை வேறு. ஒன்றரை, இரண்டு கிலோ ஏறிக் காட்டும், மூன்று நான்கு நாளில் தானே இறங்கும். அது கொழுப்பு இல்லை. ஒரே ராத்திரியில் இரண்டு கிலோ கொழுப்பு ஏற 15,000 கலோரிக்கு மேல் தின்ன வேண்டும். வெள்ளிக்கிழமை காலை, வெறும் வயிற்றில் பாருங்கள். நான்கு வெள்ளிக்கிழமைகளைச் சேர்த்துப் பாருங்கள், ஒன்றை மட்டும் பார்த்து மனசு உடையாதீர்கள்.

திங்கட்கிழமை பட்டினி கிடந்து ஈடுகட்டவும் வேண்டாம். பட்டினிக்குப் பிறகு வரும் பசி செவ்வாய்க்கிழமையைக் கெடுக்கும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் போதும். மிச்சக் குழம்பு இருந்தால் மேலே மிதக்கும் எண்ணெயை எடுத்துவிட்டு, இரண்டு கறித்துண்டோடு ராகிக்களிக்கு ஊற்றிக்கொள்ளுங்கள், அது கெட்ட சாப்பாடே இல்லை.

சீட் டே வைத்தால்தான் உடம்பு எரிக்கும் வேகம் குறையாமல் இருக்கும் என்று ஜிம்களில் சொல்வார்கள். கொஞ்சம் உண்மை உண்டு. நிறையச் சாப்பிட்டால் பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் ஏறும், உடம்பின் சூடும் சற்றுக் கூடும். ஆனால் அது சீக்கிரமே அடங்கிவிடும், தின்றதை ஈடுகட்டும் அளவுக்கு இல்லை. அதற்காகப் பரோட்டா தின்ன வேண்டியதில்லை. ஆசைக்காகத் தின்னுங்கள், அது நேர்மையான காரணம்.

எழுதவே கூடாதவர்கள் உண்டு, இதை அழுத்திச் சொல்கிறேன். சாப்பிட்டபின் விரலை விட்டு வாந்தி எடுப்பவர்கள், யாரும் பார்க்காமல் அளவில்லாமல் தின்றுவிட்டுக் கூனிப்போகிறவர்கள், ஒரு தோசைக்குத் தண்டனையாக ஒரு மணி நேரம் ஓடுகிறவர்கள், சாப்பாட்டைப் பற்றிய நினைப்பிலேயே நாள் கழிகிறவர்கள். இவர்களுக்கு நோட்டும் ஆப்பும் மருந்தல்ல, நோயை வளர்ப்பவை. 2017-இல் வந்த ஓர் ஆய்வில், உணவுக் கோளாறு உள்ளவர்களில் கலோரி ஆப் பயன்படுத்தியவர்களிடம் கேட்டபோது, பத்தில் ஏழு பேருக்கு மேல் அதுவும் தங்கள் நோய்க்குக் காரணம் என்றார்கள். வீட்டில் வளரும் பிள்ளை இப்படி இருந்தால் டயட்டை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. கர்ப்பமாக இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சே வேண்டாம்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு வேறு கணக்கு. இன்சுலினோ, கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் ஞாயிறு விருந்துக்கு ஈடாகத் திங்கள் சாப்பாட்டைத் தவிர்த்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அவர்கள் ஞாயிறு எழுத வேண்டியது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை அளவை. அதை மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்களுக்கு இதெல்லாம் இல்லை என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். வரும் ஞாயிறே நோட்டைத் தொடங்குங்கள், சனி ராத்திரியிலிருந்து. நோட்டை வீட்டில் அவர்களிடமும் காட்டுங்கள். குழம்புக்கு எத்தனை கரண்டி எண்ணெய், எத்தனை மூடித் தேங்காய் என்று அவர்களுக்குத்தான் தெரியும், உங்களுக்குத் தெரியாது. 'நிம்மதியாச் சோறுண்ணுங்க' என்றவரே கூட உட்கார்ந்து அந்த வரியை எழுதினால் மாஸ்டரும் வாயைத் திறக்க மாட்டார். ஆறு நாள் கணக்கில் தாளித்த எண்ணெயைச் சேர்த்துவிடுங்கள். நான்கு வாரம் கழித்து அந்தப் பக்கங்களையும் நான்கு வெள்ளிக்கிழமை எடையையும் எனக்கு அனுப்புங்கள், எதை வைத்துக்கொள்வது எதை விடுவது என்று சேர்ந்து பார்க்கலாம்.